மூலையில் தெரியும் சிவப்பு

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், உயர் மின்னழுத்தக் கருவிகளைச் சுற்றி மின்புலம் எப்படிப் பரவுகிறது என்பதைக் கணினியில் முப்பரிமாணமாக வரைந்து கணக்கிடுவது பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நானும் நினைக்கவில்லை, ஆசிரியரும் நினைக்கவில்லை. முப்பது ஆண்டுகள் மின்காப்பான்களை வடிவமைத்துவிட்டு ஓய்வு பெற்றவனிடம் போய் இப்படிக் கேட்டால் அவன் வாயை மூடமாட்டான். சில கேள்விகளுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு நான்கு வரியிலும் எழுதியிருக்கிறேன். பாரபட்சம்தான்.

கேள்வி: ஐயா, தரைத்தகட்டுக்கு மேலே இருக்கும் வட்டமான உலோகத் தகடு ஒன்றை வரைந்து, அதற்கு மின்னழுத்தம் கொடுத்துச் சுற்றியுள்ள காற்றில் மின்புலத்தைக் கணக்கிட்டேன். அதிகபட்சப் புலம் மில்லிமீட்டருக்கு 2.10 கிலோவோல்ட் என்று வந்தது. துல்லியம் போதாதோ என்று மெஷ்ஷின் (கணக்குக்காக வெளியைப் பிரித்த சிறு துண்டுகளின்) அளவைப் பாதியாக்கினேன், 2.65 வந்தது. மறுபடி பாதியாக்கினேன், 3.33. காற்று மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட் வரை தாங்கும் என்று படித்திருக்கிறேன். என் தகடு பிழைக்குமா, பொறி பறக்குமா? எந்த எண் சரி? — முதுகலை மாணவி

மூன்றும் தவறு அம்மா. நான்காவதாக ஓர் எண் எடுத்தால் அதுவும் தவறாகத்தான் இருக்கும், 4.2 பக்கத்தில் வரும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன்.

உங்கள் எண்களை ஒன்றை ஒன்றால் வகுத்துப் பாருங்கள். 2.65-ஐ 2.10-ஆல் வகுத்தால் 1.26. 3.33-ஐ 2.65-ஆல் வகுத்தாலும் 1.26. இரண்டின் கனமூலம் 1.26. தகட்டின் ஓரம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. ஆனால் அதைச் செங்கோணமாக, கூர் மழுங்காமல் வரைந்திருக்கிறீர்கள் என்று இந்த எண் காட்டிக்கொடுத்துவிட்டது.

உலோகத்தின் செங்கோண விளிம்பை நெருங்க நெருங்க மின்புலம் ஏறிக்கொண்டே போகும். விளிம்பிலிருந்து உள்ள தூரம் எட்டில் ஒரு பங்கானால் புலம் இரண்டு மடங்காகும். விளிம்பின் மேலேயே அதற்கு வரம்பே இல்லை. கணிதத்தில் இதற்கு ஒருமைப்புள்ளி என்று பெயர். கணினியால் அந்த வரம்பில்லாத இடத்தைத் தொட முடியாது. விளிம்பை ஒட்டியிருக்கும் துண்டுக்குள் ஒரு சராசரி மதிப்பைக் கண்டுபிடித்து அதைத்தான் 'அதிகபட்சம்' என்று அச்சிடுகிறது. துண்டைப் பாதியாக்கினால் விளிம்புக்குப் பாதித் தூரம் நெருங்குகிறோம், எண் 1.26 மடங்காகிறது. நீங்கள் இதுவரை கணக்கிட்டது உங்கள் மெஷ் எவ்வளவு பொடியானது என்பதை. கத்தி போல் மெலிந்த தகடாக இருந்திருந்தால் ஒவ்வொரு முறையும் 1.41 மடங்கு ஏறியிருக்கும். கனசதுரத்தின் முனையாக இருந்திருந்தால் சுமார் 1.46.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் இதே தவற்றைச் செய்து, அதை அறிக்கையாகக் கட்டி, அட்டையும் போட்டுக் கொடுத்தேன். வண்ணப் படத்தில் மின்முனையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் மூன்று தசம இடங்களுடன் எண். என் மூத்த அதிகாரி அறிக்கையைத் திறக்கவே இல்லை. அட்டைப் படத்தைப் பார்த்தவர் எழுந்து போய், பட்டறையிலிருந்து அந்த மின்முனையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "கட்டைவிரலை ஓரத்தில் வைத்து இழு" என்றார். இழுத்தேன். "ரத்தம் வந்ததா?" வரவில்லை. கடைசல்காரர் அதைத் தேய்த்து வளைத்திருந்தார், வரைபடத்திலும் 1.5 மில்லிமீட்டர் ஆரம் என்று தெளிவாகக் குறித்திருந்தது. வளைவை வரையச் சோம்பல்பட்டுக் கூராக விட்டவன் நான்தான்.

ஆகவே ஆரமானியை எடுத்து உங்கள் தகட்டின் ஓரத்தை அளந்து, அந்த ஆரத்தை மாதிரியில் வரையுங்கள். அந்த வளைவின் மேல் மட்டும் ஏழெட்டுத் துண்டுகளாவது விழும்படி மெஷ்ஷை அங்கே பொடியாக்குங்கள். மற்ற இடங்களில் பெரிதாகவே இருக்கட்டும். பிறகு பாதியாக்கிப் பாருங்கள், எண் ஓரிடத்தில் நின்றுவிடும். நிற்கும் எண்ணைத்தான் 3-உடன் ஒப்பிட வேண்டும். தகட்டின் மின்தேக்குத்திறனையும் கூடவே கவனியுங்கள். கூர் விளிம்பு இருந்தாலும் அது ஓடாது, சீக்கிரமே நிலைத்துவிடும். மின்தேக்குத்திறன் நிலைத்தபின்னும் உச்சப்புலம் ஓடுகிறதென்றால் உங்கள் வரைபடத்தில் எங்கோ ஒரு கூர்மை ஒளிந்திருக்கிறது.

உச்சப்புலம் 3-ஐத் தாண்டிய உடனே பொறி பறந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். அந்த 3 என்பது ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சீரான இடைவெளிக்கு, சாதாரணக் காற்றழுத்தத்தில் பொருந்தும் எண். வளைவை ஒட்டிக் கால் மில்லிமீட்டர் தூரத்துக்கு மட்டும் புலம் அதிகமாக இருந்து பிறகு சரசரவென்று இறங்கினால், அங்கே ஒன்றும் நடக்காமலும் போகலாம். இருட்டில் நீல ஒளியும் சீறல் சத்தமும் மட்டும் வந்து நிற்கலாம். அதனால் உச்சப்புள்ளியிலிருந்து தரைத்தகடு வரை ஒரு கோடு இழுத்து, அதன் நெடுக புலம் எப்படி இறங்குகிறது என்ற வரைபடத்தையும் எடுங்கள். முழுப் பொறி பறக்குமா என்பதை அந்தக் கோடுதான் சொல்லும்.

கேள்வி: பாடப்புத்தகக் கணக்குகள் எல்லாம் இரு பரிமாணத்திலேயே முடிந்துவிடுகின்றன. மூன்றாவது பரிமாணம் சேர்ந்தால் என்ன மாறும் என்பதை விலையுயர்ந்த மென்பொருள் இல்லாமல் வகுப்பில் காட்ட முடியுமா? — இயற்பியல் ஆசிரியர்

விரிதாள் போதும். முதலில் ஒரு சதுரம். அதன் மேல் பக்கம் 100 வோல்ட், மற்ற மூன்று பக்கங்களும் சுழியம். மையத்தில் எவ்வளவு? நான்கு பக்கங்களுக்கும் 100 கொடுத்தால் உள்ளே எங்கும் 100 இருக்கும். நான்கு பக்கங்களும் மையத்துக்குச் சம உரிமையாளர்கள். ஆக ஒரு பக்கத்தின் பங்கு 25 வோல்ட். இப்போது கனசதுரம். மேல் முகம் 100, மற்ற ஐந்தும் சுழியம். பங்காளிகள் ஆறு பேர் ஆகிவிட்டார்கள், மையத்தில் 16.67. முப்பரிமாணப் பொருளை வெட்டி ஒரு குறுக்குவெட்டை மட்டும் இரு பரிமாணத்தில் கணக்கிட்டவர் 25 என்பார். எழுத்துப் பிழையே இல்லாத கணக்கில் ஐம்பது சதவீதப் பிழை!

மற்ற இடங்களுக்கும் மதிப்பு வேண்டுமென்றால் ஒரே விதிதான். மின்னூட்டம் இல்லாத வெளியில் ஒரு புள்ளியின் மின்னழுத்தம் அதைச் சுற்றியுள்ள ஆறு அண்டைப் புள்ளிகளின் சராசரி. ஐந்து தாள்கள், தாளுக்கு ஐந்துக்கு ஐந்து கட்டங்கள்; ஒவ்வொரு கட்டத்திலும் இடம், வலம், முன், பின், மேல் தாள், கீழ்த் தாள் ஆகிய ஆறின் சராசரி. விரிதாள் 'சுழல் குறிப்பு' என்று முறையிடும், மீள்கணக்கீட்டை அனுமதித்துவிடுங்கள். எண்கள் ஆடி ஆடி அடங்குவதை மாணவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

ஒரு கண்ணி இருக்கிறது, எச்சரிக்கிறேன். உள்ளே ஒரே ஒரு கட்டம் வைத்தாலும் மையத்தில் 16.67 என்றுதான் வரும், அப்பட்டமான சமச்சீரால். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. 100 வோல்ட் முகமும் சுழிய முகமும் சந்திக்கும் விளிம்பின் பக்கத்தில் ஒரு புள்ளியை எடுத்துச் சோதியுங்கள். அங்கேதான் கட்டங்களின் எண்ணிக்கை தன் குணத்தைக் காட்டும்.

இந்த முறை கணினிக்கு முந்தியது. ஆங்கிலேய அறிவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1910-இல் ஓர் அணையின் தகைவுகளை இதுபோல் கட்டம் கட்டமாகக் கணக்கிட்டபோது, கூட்டிக் கழிக்க ஆட்களை அமர்த்திப் புள்ளிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தார். தவறாகப் போட்ட கணக்குக்குக் கூலி கிடையாது. இன்று கணினி தப்பாகப் போட்டாலும் மின்கட்டணத்தை நாம்தான் கட்டுகிறோம்.

கேள்வி: கனசதுரக் கட்டங்களை விட்டுவிட்டு எல்லா மென்பொருள்களும் ஏன் நான்முகத் துண்டுகளைப் பயன்படுத்துகின்றன? என் கணினி நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடுகிறது. — இயந்திர வடிவமைப்பாளர்

கட்டங்களைக் கொண்டு உருண்டையைச் செய்தால் படிக்கட்டு கட்டிய உருண்டைதான் கிடைக்கும். அந்தப் படிகளின் கூர்மை முதல் கேள்வியின் வம்பைத் திரும்ப அழைத்து வரும். நான்முகத் துண்டு எந்த வளைவுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் மின்னழுத்தம் நேர்கோட்டில் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு, மொத்தமாகச் சேர்த்துப் பார்க்கும்போது மின்புலத்தின் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும்படி முனைகளின் மதிப்புகளைக் கண்டுபிடிப்பதுதான் ஃபைனைட் எலிமெண்ட் முறை. கணிதவியலாளர் ரிச்சர்ட் கூரன்ட் 1943-இல் முக்கோணங்களை வைத்து இதற்கு வழி காட்டினார்; பெயர் சூட்டியவர் கட்டடப் பொறியாளர் ரே கிளஃப், 1960-இல்.

நினைவகக் கணக்கு இது. பத்து லட்சம் முனைகள் என்றால் பத்து லட்சம் சமன்பாடுகள். எல்லாக் குணகங்களையும் முழு அணியாகச் சேமித்தால் எண்ணுக்கு 8 பைட் வீதம் 8 டெராபைட். ஆனால் ஒரு முனை தன்னைத் தொட்டிருக்கும் முனைகளுடன் மட்டுமே பேசும். ஒரு வரிசையில் பதினைந்து எண்கள்தான் சுழியம் அல்லாதவை என்றால் மொத்தம் ஒன்றரைக் கோடி எண்கள். அவற்றின் இடக் குறிப்புகளையும் சேர்த்து இருநூறு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். உங்கள் கணினி திணறுவது நேரடித் தீர்வியைத் தேர்ந்தெடுத்ததால் இருக்கலாம். அது சமன்பாடுகளை ஒழித்துக்கொண்டு போகும்போது சுழியமாக இருந்த இடங்களை எல்லாம் நிரப்பிவிடும். விடையை ஊகித்துத் திரும்பத் திரும்பத் திருத்தும் மீள்முறைத் தீர்விக்கு மாறிப் பாருங்கள். 1952-இல் கணிதவியலாளர்கள் ஹெஸ்டென்ஸும் ஷ்டீஃபலும் வெளியிட்ட கான்ஜுகேட் கிரேடியன்ட் முறை இந்த வேலைக்கு இன்றைக்கும் முதல் தேர்வு.

இன்னொன்று, மெஷ் அளவை எங்கும் பாதியாக்கினால் முப்பரிமாணத்தில் துண்டுகள் எட்டு மடங்காகும். பாதியாக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் எங்கே தேவை என்று யோசிக்கவும்.

கேள்வி: மின்கடத்திக்கு 100 வோல்ட் கொடுத்தேன். விடை முழுவதும் ஒரே நிறம், புலம் எங்கும் சுழியம். மென்பொருளில் கோளாறா? — இளநிலை மாணவர்

கோளாறு இல்லை தம்பி. சுற்றியுள்ள பெட்டியின் சுவர்களுக்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் பெரும்பாலான மென்பொருள்கள் 'இந்தச் சுவர் வழியாகப் புலம் வெளியேறாது' என்று எடுத்துக்கொள்ளும். எங்குமே வெளியேற வழியில்லாவிட்டால் வெளி முழுவதும் 100 வோல்ட்டிலேயே நின்றுவிடும். கேட்ட கேள்விக்குச் சரியான விடை. நானும் இப்படி ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன், உடன் பணியாற்றியவர் வந்து "தரை எங்கே?" என்று இரண்டே சொல்லில் கேட்டுவிட்டுப் போனார்.

கேள்வி: திறந்த வெளியில் இருக்கும் பொருளுக்குச் சுற்றிலும் பெட்டி போடும்போது, பொருளைப்போல் ஐந்து மடங்கு போதும் என்கிறார்களே? — அதே மாணவரின் நண்பராம்

யார் சொன்னார்களோ அவர்களிடம் ஓர் உலோகக் கோளத்தைக் கொடுங்கள். அதைச் சுற்றி ஐந்து மடங்கு ஆரத்தில் தரையிட்ட கோள ஓடு. இதற்குக் கையாலேயே சூத்திரம் எழுதலாம்: கோளத்தின் மேற்பரப்பில் புலம், தனிக்கோளத்தில் இருப்பதைவிட 5/4 மடங்கு. இருபத்தைந்து சதவீதம் கூடுதல். பத்து மடங்கு வைத்தால் 11 சதவீதம். ஒரு சதவீதத்துக்குள் வர நூறு மடங்கு வேண்டும். அதற்குள் காற்றை மெஷ் செய்தே கணினி களைத்துவிடும். பக்கத்தில் தரைத்தகடு ஒன்று ஏற்கெனவே இருந்தால் புலம் அதில் போய் முடிந்துவிடும். அப்போது சிறிய பெட்டியே போதலாம். இல்லாவிட்டால், பரப்புகளை மட்டும் துண்டாக்கி வெளியைத் தொடாமல் கணக்கிடும் எல்லைக்கூறு முறையை நாடுங்கள். அதில் முடிவிலி இலவசம்.

கேள்வி: பரிசோதித்துப் பார்க்க ஆய்வகம் இல்லாத நிலையில் என் நிரலை நானே எழுதியிருக்கிறேன். அது சரி என்று எப்படி நம்புவது? — ஓய்வுநேரத்தில் நிரல் எழுதும் வாசகர்

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் என்னை இந்தக் கேள்வியால் நிறையத் துன்புறுத்திக்கொண்டவன்.

ஒரு கனசதுரத்தைக் கொடுத்து அதன் மின்தேக்குத்திறனைக் கேளுங்கள். வெறும் உலோகக் கனசதுரம், திறந்த வெளி, வேறொன்றும் இல்லை. இத்தனை எளிய வடிவத்துக்கு இன்றுவரை முழுமையான சூத்திரம் கிடையாது. ஆனால் எண் தெரியும். 1 மீட்டர் பக்கமுள்ள கனசதுரம், 0.6607 மீட்டர் ஆரமுள்ள கோளத்துக்குச் சமமாக மின்னூட்டத்தைத் தேக்கும். அதாவது சுமார் 73.5 பிக்கோஃபாரட்.

அந்த எண் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கைவசம் வழி உண்டு. கனசதுரத்துக்குள் அடங்கும் மிகப்பெரிய கோளத்தின் ஆரம் 0.5 மீட்டர், அதைச் சுற்றி அணைக்கும் கோளத்தின் ஆரம் 0.866. பெரிய பொருள் சிறியதைவிடக் குறைவாகத் தேக்க முடியாது. ஆக விடை 55.6-க்கும் 96.4 பிக்கோஃபாரட்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். உங்கள் நிரல் 147 என்றால் எங்கோ இரண்டால் பெருக்கியிருக்கிறீர்கள், 0.07 என்றால் மீட்டரும் மில்லிமீட்டரும் கலந்துவிட்டன. நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகை.

இதில் நீங்கள் தனியாளும் இல்லை. ஹென்றி கேவண்டிஷின் கையெழுத்துப் படிகளை 1879-இல் பதிப்பித்த மேக்ஸ்வெல், அவருடைய அளவீடுகளைச் சரிபார்க்க ஒரு சதுரத் தகட்டை 36 சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மின்னூட்டம் சீராக இருக்கிறது என்று வைத்துக் கையால் கணக்கிட்டார். 1 பக்கமுள்ள சதுரத்துக்குச் சமமான கோளத்தின் ஆரமாக அவருக்குக் கிடைத்தது 0.3607. இன்றைய கணினி தருவது 0.367. இரண்டு சதவீதம்கூட இல்லை வித்தியாசம்! உங்கள் நிரலுக்கும் அந்த 36 சதுரங்களைக் கொடுத்து, மேக்ஸ்வெல்லின் எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். நான் முதன்முதலாக எழுதிய நிரலில் வரவில்லை. ஒரு சதுரம் தன்மேல் தானே உண்டாக்கும் மின்னழுத்தத்தைத் தவறாகப் போட்டிருந்தேன்.

கேள்வி: எபாக்சி வார்ப்புகளுக்குள் சிறு காற்றுக் குமிழ்கள் தங்கிவிடுகின்றன. ஒவ்வொன்றையும் மாதிரியில் வரைவது சாத்தியமா? — வார்ப்புப் பிரிவில் பணியாற்றுபவர்

வேண்டாம், மலையைக் கல்லி எலியைப் பிடிப்பதாகும். உருண்டைக் குமிழுக்கும் தட்டையான விரிசலுக்கும் கையாலேயே விடை உண்டு. எபாக்சியின் விடுதிறன் (காற்றோடு ஒப்பிட்டால் மின்புலத்தைத் தன்னுள் எத்தனை மடங்கு தளர்த்தும் என்ற எண்) சுமார் 4 என்று கொள்ளுங்கள். உருண்டைக் குமிழுக்குள் புலம், சுற்றியுள்ள எபாக்சியில் இருப்பதைப்போல் 1.33 மடங்கு. புலத்துக்குக் குறுக்கே கிடக்கும் மெல்லிய விரிசலுக்குள் நான்கு மடங்கு. அளவு சிறியதானாலும் பெரியதானாலும் இதே மடங்குதான். ஆகவே குமிழ் இல்லாத வார்ப்பை மட்டும் கணினியில் போட்டு, குமிழ் இருக்கக்கூடிய இடத்தின் புலத்தை எடுத்து இந்த எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடைவெளியின் இரு கரைகளுக்கும் நடுவே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பாருங்கள். காற்றில் சுமார் 330 வோல்ட்டுக்குக் கீழே, இடைவெளி எவ்வளவு மெல்லியதானாலும் பொறி பிறக்காது. விரிசலைத்தான் அஞ்ச வேண்டும், குமிழைவிட. வார்ப்பு சுருங்கும்போது உலோகத்திலிருந்து பிரிந்து நிற்கிறதே, அந்த மயிரிழை இடைவெளிதான் எனக்கு அதிகத் தூக்கத்தைக் கெடுத்தது.

கேள்வி: மாறுதிசை மின்னழுத்தத்துக்குச் செய்த கேபிள் மாதிரியை நேர்திசைக்கும் பயன்படுத்தலாமா? — கேபிள் சோதனையாளர்

கூடாது. மாறுதிசையில் புலத்தைப் பங்கிடுவது விடுதிறன். நேர்திசையில், நேரம் போகப் போக, கடத்துதிறன். பாலிஎதிலீனின் விடுதிறன் 2.3, அதன் கடத்துதிறனை மீட்டருக்கு 10-இன் அடுக்கு –15 சீமென்ஸ் என்று கொண்டால், ஒரு பங்கீட்டிலிருந்து மற்றதற்கு மாற ஆகும் கால அளவு இருபதாயிரம் விநாடி, ஐந்தரை மணி நேரம். ஆக, மின்னழுத்தம் கொடுத்த முதல் நிமிடத்தில் ஒரு படம், மறுநாள் காலையில் வேறொரு படம். போதாக்குறைக்குக் கடத்துதிறன் வெப்பத்தோடு பல மடங்கு ஏறும். உள்கம்பி சூடாகி வெளிப்புறம் குளிர்ந்திருந்தால், கம்பியை ஒட்டியிருந்த உச்சப்புலம் வெளி ஓரத்துக்கு இடம்பெயர்ந்துவிடும். எனவே வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிடாத நேர்திசை மாதிரியை நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கேள்வி: தலையில் மின்முனை வைத்துச் சிறு மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சை முறைகளிலும் இதே கணக்கா? — மருத்துவ இயற்பியல் மாணவி

அதே சமன்பாடு, ஆனால் நீங்கள் வரைய வேண்டிய பொருளைக் கடைசல் இயந்திரம் செய்யவில்லை. காந்த ஒத்ததிர்வுப் படத்திலிருந்து தோல், மண்டையோடு, மூளைத்தண்டுவடத் திரவம், சாம்பல் நிறப் பகுதி, வெள்ளைப் பகுதி என்று பிரித்தெடுக்க வேண்டும். திரவத்தின் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 1.65 சீமென்ஸ், மண்டையோட்டுக்குப் பொதுவாக 0.01 வைக்கிறார்கள். நூற்றறுபது மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு மெல்லிய அடுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. திரவ அடுக்கு மெஷ்ஷில் ஓரிடத்தில் அறுந்துபோனாலும் மின்னோட்டம் வழி மாறிவிடும். என் துறை இது இல்லை என்பதால் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: 2 மில்லிஆம்பியர் செலுத்தினால் மூளைப் புறணியில் புலம் மீட்டருக்கு 1 வோல்ட்டுக்கும் குறைவு. உங்கள் மாதிரி 50 என்று சொன்னால் நோயாளியிடம் போகாதீர்கள், மெஷ்ஷிடம் போங்கள்.

கேள்வி: இலவச மென்பொருள் ஏதேனும் உண்டா? — பலர்

துண்டாக்க ஜிமெஷ், தீர்க்க ஃபின்லாந்தின் எல்மர். இரண்டும் முப்பரிமாணத்துக்கு ஏற்றவை. எஃப்.இ.எம்.எம். பழகுவதற்கு அருமை, ஆனால் தட்டைக் குறுக்குவெட்டும் சுழல்சமச்சீரும் (ஓர் அச்சைச் சுற்றி எங்கும் ஒரே வடிவம்) மட்டும்தான். மின்காப்பான்களில் முக்கால்வாசி சுழல்சமச்சீர் உடையவை என்பதால் அதையே நான் பல நாள் வைத்து ஓட்டியிருக்கிறேன். வானவில் வண்ணப் பட்டையை மட்டும் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். புலத்தில் ஒன்றும் நிகழாத இடத்தில்கூட மஞ்சளும் பச்சையும் சந்தித்து ஒரு பொய்க் கரையைக் கட்டிவிடும்.

கேள்வி: மாதிரியில் பொறி பறக்காது என்று வந்தது. சோதனையில் பறந்துவிட்டது. யாரை நம்புவது? — பெயர் வெளியிட விரும்பாத பொறியாளர்

சோதனையை. பெயரை ஏன் மறைக்கிறீர்கள் என்று புரிகிறது. நானும் ஒரு வாரம் முகத்தை மறைத்துக்கொண்டு திரிந்தவன்தான்.

வாயு நிரப்பிய உலோகத் தொட்டி ஒன்று. உள்ளே நடுவில் மின்கடத்தி. ஓரங்கள் எல்லாம் அளந்து வளைத்தவை, மெஷ் நிலைத்துவிட்டது, உச்சப்புலம் அனுமதித்ததில் அறுபது சதவீதம். சோதனையில் மூன்று முறை தொட்டியின் அடிப்பகுதியில் பொறி. என் கணக்கில் அங்கே புலம் மிகக் குறைவு. கணக்கை நான்கு நாள் திருப்பித் திருப்பிப் போட்டேன். பிறகு தொட்டியைத் திறந்து கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அடியில் ஓர் உலோகச் சீவல், நகத்துண்டு நீளம், நட்டு முறுக்கியபோது பெயர்ந்தது. தட்டையான உலோகப் பரப்பில் அரைக்கோளமாக ஒரு சிறு புடைப்பு இருந்தாலே அதன் உச்சியில் புலம் மூன்று மடங்காகும், புடைப்பு எத்தனை சிறியதானாலும். நிமிர்ந்து நிற்கும் சீவலுக்கு அதைவிடப் பல மடங்கு. அது புலத்தில் எழுந்து நின்று ஆடவும் செய்யும்.

அந்தச் சீவலை மாதிரியில் சேர்க்கலாமா என்று கூட்டத்தில் கேட்டார்கள். எங்கே கிடக்கும், எந்தக் கோணத்தில் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? தொட்டியை மூடும் முன் துடைக்கும் துணியை நார் உதிராத ரகமாக மாற்றினோம். நட்டை முறுக்குகிறவர் கையில் ஒரு கைவிளக்கும் உறிஞ்சு குழாயும் கொடுத்தோம். அடுத்த சோதனை தாங்கியது. என் கோப்பில் இன்னும் பழைய மெஷ்தான் இருக்கிறது.